படிப்பும் சம்பளமும்: வீடியோ விளையாட்டுத் தொழிலின் கதை

தலைநகரில் நாம் குடியிருக்கும் அரசுக் குடியிருப்பில், மாலை வேளைகளில் தமிழ்க் குடும்பத்தார் சிலர் பூங்காவில் கூடிப் பேசுவது வழக்கம். அண்மையில் ஒரு நாள், தணிக்கை அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் மகனைப் பற்றி நம்மிடம் முறையிட்டார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறிவிட்டான். பொறியியல் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்திருக்கிறது. அவனோ, "வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலுக்குப் போகிறேன், அதற்குப் பட்டம் வேண்டியதில்லை, அத்தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர்கள் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள்தாம்" என்று வாதாடுகிறானாம். "நீங்கள் நாலு புத்தகம் படிக்கிறவர். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறதா, சார்?" என்று கேட்டார் நண்பர்.

நாம் கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகக் காலம் கழித்து வருகிறோம். நம் உலகில் இப்படி ஒரு கேள்வி எழுவதற்கே இடமில்லை. இன்ன பதவிக்கு இன்ன பட்டம், இன்ன பதவிக்கு இன்ன ஊதிய நிலை என்று அட்டவணை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு நன்றாக அமைந்தாலும் சுமாராக அமைந்தாலும் ஆண்டு உயர்வு அதற்குரிய மாதத்தில் வந்து சேரும். (சுமாராக அமைந்த நாட்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.) ஆதலால் நண்பருக்கு உடனே விடை கூற இயலவில்லை. சில வாரங்கள் அவகாசம் கேட்டு, அத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். ஐம்பது ஆண்டுகளைச் சற்றே கடந்த இளைய தொழில் அது. ஆயினும் படிப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு அதில் எத்தனை விதமாக மாறி வந்திருக்கிறது என்பதைக் கண்டபோது வியப்பே மேலிட்டது.

அக்கதை ஓர் அகதிச் சிறுவனிடம் தொடங்குகிறது. ரால்ஃப் பேயர் 1922ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். யூதர் என்ற காரணத்தால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1938இல் குடும்பம் தப்பி நியூயார்க் நகரை அடைந்தது. அங்கு ஒரு தொழிற்சாலையில் வாரம் 12 டாலர் கூலிக்கு வேலை செய்த அந்த இளைஞர், வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கலையை அஞ்சல் வழியே கற்பிப்பதாக ஒரு விளம்பரத்தைக் கண்டார். சொற்ப வருவாயில் ஒரு பகுதியை அப்படிப்புக்குச் செலவிட்டு, 1940இல் வானொலி பழுது பார்ப்பவராகத் தேர்ச்சி பெற்றார். போர் முடிந்ததும், படை வீரர்களின் கல்லூரிச் செலவை அரசே ஏற்கும் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. 1949இல் சிகாகோவில் தொலைக்காட்சிப் பொறியியலில் பட்டம் பெற்றார். படிப்பு ஒவ்வொரு படி ஏறியபோதும் சம்பளமும் உடன் ஏறிற்று. நம் பெற்றோர் நமக்குச் சொல்லி வளர்த்த கதையும் இதுவே அன்றோ!

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1966ஆம் ஆண்டு செப்டம்பரில், பாதுகாப்புத் தளவாடங்கள் செய்யும் ஸாண்டர்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பேயர், வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட்டுகள் ஆடும் வழியை விளக்கி நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். நிறுவனம் ஆட்கூலிக்கு 2,000 டாலரும் பொருள்களுக்கு 500 டாலரும் ஒதுக்கிற்று. அந்த 2,500 டாலரில் தொடங்கிய முயற்சியே 1972இல் 'ஆடிஸி' என்னும் பெயரால் கடைக்கு வந்த முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டி. காப்புரிமைப் பத்திரங்களில் கண்டுபிடித்தவர் பெயர் பேயர் என்றிருந்தது; உரிமையோ நிறுவனத்துக்கு உரியதாயிற்று. அப்பத்திரங்களைக் கொண்டு தொடுத்த வழக்குகளில் கோடிக்கணக்கான டாலர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. 2006இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பேயருக்குத் தொழில்நுட்பத்துக்கான தேசியப் பதக்கம் அணிவித்தார்.

அதே 1972ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அடாரி நிறுவனம் பிறந்தது. அதைத் தொடங்கியவர் இருவர். நோலன் புஷ்னெல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1968இல் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். டெட் டாப்னி கல்லூரிப் பட்டம் இல்லாதவர். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் மின்னணுவியலைக் கற்றவர். இருவரும் ஆளுக்கு 250 டாலர் போட்டனர். பட்டத்துக்காக ஒருவர் முதலில் ஒரு டாலரும் குறையவில்லை. முதல் பொறியாளராக வந்த ஆலன் ஆல்கார்ன் பெர்க்லி பல்கலைக்கழகப் பட்டதாரி. மாதம் 1,000 டாலர் சம்பளமும் நிறுவனத்தில் பத்தில் ஒரு பங்கும் தருவதாகப் பேச்சு. அவர் செய்த 'பாங்' என்னும் பந்தாட்டம் ஊரெங்கும் பரவிற்று. சம்பளத்தைவிட அந்தப் பத்தில் ஒரு பங்கே ஆல்கார்னுக்குப் பொருளைத் தந்தது. டாப்னியோ 1973இலேயே தம் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

1974இல் அந்நிறுவனத்தின் வாயிலில் ஓர் இளைஞர் வந்து நின்று, வேலை கொடுக்காவிடில் திரும்பிப் போகமாட்டேன் என்றாராம். ரீட் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட ஸ்டீவ் ஜாப்ஸ்தாம் அவர். மணிக்கு 5 டாலர் கூலியில் தொழில்நுட்ப உதவியாளராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு, 'பிரேக்கவுட்' என்னும் விளையாட்டின் மின்சுற்றைக் குறைந்த சில்லுகளில் அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. தம் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக்கை அழைத்தார். வோஸ்னியாக் பகலில் வேறொரு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, நான்கு நாள் இரவும் பகலும் கண் விழித்து அதை முடித்துக் கொடுத்தார். கிடைத்தது 700 டாலர், அதில் பாதி உமக்கு என்று ஜாப்ஸ் 350 டாலர் கொடுத்ததாகவும், சில்லுகளைக் குறைத்ததற்கான தனி வெகுமதி ஆயிரக்கணக்கான டாலர் என்பது பல ஆண்டுகள் கழித்தே தமக்குத் தெரிய வந்ததாகவும் வோஸ்னியாக் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அன்று அந்த நண்பர்கள் இருவரில் எவரிடமும் பட்டம் இல்லை. (வோஸ்னியாக் தம் பட்டத்தை 1986இல், பெருஞ்செல்வரான பின்பு, மீண்டும் கல்லூரிக்குச் சென்று முடித்தார்.) ஊதியத்தின் பெரும் பகுதி யாருக்குப் போயிற்று என்பதை இங்குத் தீர்மானித்தது படிப்பும் அன்று, வேலைத் திறமும் அன்று. ஒப்பந்தத்தில் உள்ள தொகையை அறிந்திருந்தவர் யார் என்பதே.

1976இல் அடாரி நிறுவனத்தை வார்னர் குழுமம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. அடுத்த ஆண்டு வீட்டு விளையாட்டுப் பெட்டி ஒன்று வெளிவந்தது. அதில் செருகும் ஒவ்வொரு விளையாட்டுப் பேழையையும் அந்நாளில் ஒரே ஒருவர் தனியாக உருவாக்கினார். கதை, படம், ஓசை, கணிப்பொறிக் கட்டளைகள் யாவும் அவர் கைவண்ணமே. நாவல் எழுதுபவரைப் போன்ற தனித் தொழில் அது. ஆனால் நாவலாசிரியருக்கு அட்டையில் பெயரும் விற்பனையில் பங்கும் உண்டு. இவர்களுக்கு இரண்டும் இல்லை.

இவர்களுள் வாரன் ராபினெட் என்பவரின் வரலாறு நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. பெர்க்லியில் கணிப்பொறி அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற அவருக்கு ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 22,000 டாலர். அவர் தனியாக உருவாக்கிய 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டுப் பேழை, ஒன்று 25 டாலர் விலையில், சுமார் 10 லட்சம் விற்றது. அதாவது கடை விலையில் இரண்டரைக் கோடி டாலர். அதில் ஆசிரியருக்குப் பங்கு ஒரு காசும் இல்லை. அவர் பெயரும் எங்கும் இல்லை. முதுநிலைப் பட்டம் அவருக்கு வாயிலைத் திறந்துவிட்டது, நல்ல மாதச் சம்பளத்தையும் தந்தது. அவ்வளவோடு அதன் வேலை முடிந்தது.

ராபினெட் ஒரு சிறு சூழ்ச்சி செய்தார். விளையாட்டின் உள்ளே, எவரும் எளிதில் காண இயலாத இரகசிய அறை ஒன்றை அமைத்தார். பின்னணியின் நிறத்திலேயே, கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைப் புள்ளியைக் கண்டெடுத்து, உரிய இடத்துக்கு எடுத்துச் செல்பவருக்கே அவ்வறை திறக்கும். உள்ளே, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்ற வாசகம் ஒளிரும். பேழையின் மொத்த நினைவிடத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை அது பிடித்துக்கொண்டது. மேலதிகாரிகளுக்கு அவர் மூச்சுவிடவில்லை. 1979இல் வேலையை விட்டும் போய்விட்டார். சால்ட் லேக் நகரத்துச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகே செய்தி வெளிப்பட்டது. நம் கோயில் தூண்களின் மூலையில் தன் உருவத்தைச் சிறியதாகச் செதுக்கி வைத்த சிற்பியைத் தமிழ் வாசகர்கள் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ராபினெட் ஒளித்து வைத்த கோரிக்கையை அதே 1979இல் நால்வர் வெளிப்படையாகவே கேட்டனர். டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கேப்லன் என்போர் அவர்கள். எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்று நிறுவனமே ஒரு பட்டியல் தயாரித்து ஊழியர்களுக்குச் சுற்றுக்கு விட்டது. நன்றாக விற்பவற்றைப் போல இன்னும் செய்யுங்கள் என்பது அதன் நோக்கம். இந்த நால்வரோ அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தனர். தாம் செய்த விளையாட்டுகள் மட்டுமே சுமார் 6 கோடி டாலரை ஈட்டியிருப்பது தெரிந்தது. அவர்கள் சம்பளமோ ஆண்டுக்கு 30,000 டாலர் அளவில் நின்றது. (சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்தே வயிறு வளர்ப்பவர் நாம், ஒரு சுற்றறிக்கை இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கியதாக இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.) அவர்கள் நிறுவனத் தலைவரான ரே கஸாரிடம் சென்றனர். அவர் ஹார்வர்டில் படித்தவர். ஜவுளித் தொழிலில் உயர் பதவி வகித்து வந்தவர். புத்தக ஆசிரியருக்கும் இசைத்தட்டுப் பாடகருக்கும் கிடைப்பது போலப் பெயரும் பங்கும் வேண்டும் என்று நால்வரும் கேட்டனர். தொழிற்சாலையில் பேழைகளைப் பூட்டி ஒட்டும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்ற பொருளில் விடை வந்ததாக கிரேன் பின்னாளில் கூறினார்.

நால்வரும் வெளியேறி, 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தை நிறுவினர். அவர்களுக்குத் தலைவராக வாய்த்த ஜிம் லெவி இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்தவர். பாடகரை நடத்துவது போலவே விளையாட்டு ஆசிரியரையும் நடத்த வேண்டும் என்பது அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. பேழையுடன் வரும் கையேட்டில் ஆசிரியர் பெயரும் படமும் அச்சாயின. கிரேன் உருவாக்கிய 'பிட்ஃபால்' 1982இல் வெளிவந்து 40 லட்சம் பேழைகள் வரை விற்றது. இந்த கிரேன் அரிஸோனாவில் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் 1975இல் பட்டம் பெற்றவர். பெரும்புகழ்ப் பல்கலைக்கழகம் எதிலும் படித்தவரல்லர். பெர்க்லி முதுநிலைப் பட்டதாரியான ராபினெட்டுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு கல்வியில் இல்லை. ஒருவர் பிறர் நிறுவனத்தில் சம்பளக்காரர், மற்றவர் தம் நிறுவனத்தில் பங்காளி.

ஆட்கள் கை நழுவிப் போவதைக் கண்ட பின்பே அடாரி நிறுவனமும் வெகுமதி கொடுக்கத் தொடங்கிற்று. உடனே ஊசல் மறுபக்கம் ஆடியது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் கணிதமும் பொருளாதாரமும் படித்து, கணிப்பொறிப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். 1982இல், புகழ்பெற்ற திரைப்படமாகிய 'ஈ.டி.'யை விளையாட்டாக ஆக்கும் பணி அவருக்கு வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஐந்தே வாரத்தில் முடிக்க வேண்டும் என்றனர். அவர் 2 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. விளையாட்டு விற்காமல் குவிந்தது. 1983இல் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் பேழைகள் லாரி லாரியாகப் புதைக்கப்பட்டன. 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை மண்ணிலிருந்து வெளிவந்ததை உலகமே பார்த்தது. அமெரிக்காவில் அத்தொழில் முழுவதும் சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே நாளில் வெளியே நின்றனர். வார்ஷா பின்னாளில் மறுபடியும் படித்து மனநோய் ஆலோசகராகத் தொழில் நடத்தினார்.

அமெரிக்கச் சரிவுக்குப் பின் தொழிலின் தலைமை ஜப்பானுக்குச் சென்றது. அங்கு நிலைமை வேறு. கியோட்டோ நகரத்து நின்டென்டோ, சீட்டுக்கட்டு செய்துவந்த பழைய குடும்ப நிறுவனம். அதன் தலைவர் யமாவுச்சி ஹிரோஷி, பாட்டனார் நோயுற்றதால் 1949இல் வாஸெடா பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலே பொறுப்பேற்றவர். தாம் பட்டம் பெறாதவராயினும் பட்டதாரிகளைத் தேடிச் சேர்த்தார். மின்னணுவியல் படித்த யோக்கோய் குன்பெய் 1965இல் சேர்ந்தபோது, சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே அவருக்கு வேலை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காக அவர் செய்து வைத்திருந்த நீளும் கை ஒன்றைத் தலைவர் கண்டு, அதை விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். 1966இல் அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1977இல் சேர்ந்த மியாமோட்டோ ஷிகெருவோ கனஸாவா கலைக் கல்லூரியில் தொழில் வடிவமைப்புப் படித்தவர். கணிப்பொறிக் கட்டளை எழுதுபவரல்லர். அவரே 1981இல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டை உருவாக்கினார். கலைப் பட்டதாரிகளாகிய நம் போன்றோர் இதைச் சற்று உரக்கவே படிக்கலாம்.

ஜப்பானிய நிறுவனங்களில் முதல் மாதச் சம்பளம் படிப்பின் நிலையை ஒட்டியே வகுக்கப்படுகிறது. உயர்நிலைப் பள்ளி, தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகம், முதுநிலை என்று படிப்படியாகத் தொகை குறித்திருப்பார்கள். நம் ஊதிய அட்டவணையின் தூரத்து உறவு என்றே இதைக் கொள்ளலாம். 2023இல் ஸேகா நிறுவனம் புதிய பல்கலைக்கழகப் பட்டதாரியின் மாதச் சம்பளத்தை 2,22,000 யென்னிலிருந்து 3,00,000 யென்னாக உயர்த்தியபோது, அது நாட்டில் பெரிய செய்தியாயிற்று. இம்முறையில் வெற்றி பெற்றவருக்குத் தனிப் பங்கு அரிது. 1980இல் உலகம் முழுவதும் பரவிய 'பேக்மேன்' விளையாட்டை வடிவமைத்த இவாத்தானி தோரு, தமக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் தனி வெகுமதி எதுவும் கிடைக்கவில்லை என்று கூறியிருக்கிறார். ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. 2011இல் நின்டென்டோவின் புதிய கைப்பெட்டி எதிர்பார்த்தபடி விற்காதபோது, தலைவராயிருந்த இவாட்டா ஸடோரு ஊழியர்களை நீக்காமல், தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

மாஸ்கோவின் கதை சுருக்கமானது. சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸி பாஜித்னோவ் 1984இல் 'டெட்ரிஸ்' விளையாட்டை உருவாக்கினார். உரிமை அரசுக்குரியதாயிற்று. 1989இல் நின்டென்டோவின் கைப்பெட்டியோடு அது கோடிக்கணக்கான வீடுகளை அடைந்தபோதும், ஆசிரியருக்கு விற்பனைப் பங்கு வரவில்லை. 1996இல் உரிமை அவரிடம் திரும்பிய பிறகே அது வரத் தொடங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

இனி, நண்பரின் மகன் மேற்கோள் காட்டும் கல்லூரி விட்டவர்களுக்கு வருவோம். ஜான் கார்மாக் இரண்டே பருவங்கள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தை விட்டவர். அவரும் நண்பர்களும் 1991இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1993 டிசம்பரில் வெளியிட்ட 'டூம்' விளையாட்டின் முதல் பகுதியை எவரும் இலவசமாகப் பெறலாம், மேற்பகுதிகள் வேண்டுவோர் நேரே பணம் அனுப்பலாம் என்று அறிவித்தனர். இடையில் கடைக்காரர் இல்லை. பணம் வெள்ளமாக வந்தது. பையன் கூறுவது இதுவரை உண்மையே. ஆனால் கார்மாக் பெற்றது சம்பளம் அன்று, அவர் உரிமையாளர். அதுவுமன்றி, பட்டம் இல்லாதவரே தவிரப் படிப்பு இல்லாதவரல்லர். முப்பரிமாணக் காட்சியைத் திரையில் விரைந்து வரைவதற்குரிய கணித ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்துத் தம் வேலையில் புகுத்தியவர் அவர்.

அந்த முப்பரிமாணக் காட்சியே தொழிலின் அமைப்பை மாற்றிவிட்டது. ஒருவர் செய்த வேலையைச் செய்யப் பத்துப் பேரும், பின்னர் நூறு பேரும், இன்று பெரிய விளையாட்டுகளுக்கு ஆயிரம் பேரும் தேவையாயினர். கட்டளை எழுதுவோர், ஓவியர், வடிவமைப்பாளர், ஓசை அமைப்போர், சோதனையாளர் எனத் தொழில் பிரிந்தது. வாயிலில் நிற்போர் தொகை பெருகவே, சலித்தெடுக்கும் சல்லடையாகப் பட்டம் பயன்பட்டது. 1988இல் கனடாவில் தோன்றிய டிஜிபென் கல்விக்கூடம் 1994இல் விளையாட்டுக் கட்டளை எழுதுவதற்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கிற்று. பின்னர் பல பல்கலைக்கழகங்கள் அவ்வழி சென்றன.

2001 முதல் அமெரிக்காவில் இத்தொழிலுக்கான ஒரு பத்திரிகை ஆண்டுதோறும் சம்பளக் கணக்கெடுப்பை வெளியிட்டு வந்தது. அவற்றில் மாறாமல் காணப்பட்ட செய்தி ஒன்று. கணிதமும் கணிப்பொறி அறிவியலும் கற்ற கட்டளையாளர் உயர்ந்த படியிலும், விளையாட்டை ஆடிப் பிழை கண்டுபிடிக்கும் சோதனையாளர் கடைசிப் படியிலும் நின்றனர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்னவர் சராசரி ஏறத்தாழ 90,000 டாலர். பின்னவர் சராசரி ஏறத்தாழ அதில் பாதி. ஆகப் படிப்புக்கும் சம்பளத்துக்கும் உறவு இல்லை என்பது பிழை. ஆனால் அதே கணிப்பொறிப் பட்டத்துடன் வங்கிக்கோ தேடுபொறி நிறுவனத்துக்கோ சென்றவர் பெரும்பாலும் இதைவிட அதிகம் பெற்றார். விளையாட்டின்மீது காதல் கொண்ட இளைஞர் கூட்டம் வாயிலில் எந்நேரமும் காத்து நிற்பதால், உள்ளே இருப்பவர் கூலியைப் பேரம் பேச முடிவதில்லை. விரும்பிய தொழிலைச் செய்யும் இன்பத்துக்குச் செலுத்தும் வரி என்று அவர்களே இதைக் கூறிக்கொள்வதுண்டு.

இவ்விடத்தில் நாம் சற்றும் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு உழைப்புத் தரச் சட்டம் வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் நீண்ட சிறப்புக் கல்வியால் அறிவு பெற்ற தொழிலருக்கும், படைப்புத் தொழிலருக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட கணிப்பொறி வல்லுநருக்கும் விலக்கு உண்டு. கௌரவமான விலக்குதான், அதன் பயனோ, மிகை நேரக் கூலி இல்லை என்பது! 2004 நவம்பரில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவியார், தம் பெயரை மறைத்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரத்தில் ஏழு நாளும் வேலை. நன்றாக உழைத்தால் சனிக்கிழமை மாலை மட்டும் விடுதலை என்று அவர் விவரித்திருந்தார். வழக்குகள் எழுந்தன. ஓவியர்களுக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரும், கட்டளையாளர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலரும் கொடுத்து நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. புதிதாகச் சேரும் ஓவியர் சிலர் மணிக்கூலிக்காரராக மாற்றப்பட்டனர். அவர்களுக்கு மிகை நேரக் கூலி உண்டு, பங்கும் வெகுமதியும் இல்லை. படித்தவன் என்ற பெயரை இழந்து கூலிக்காரன் என்ற பெயரைப் பெற்றதால் வருமானம் கூடக்கூடும் என்பதை நம் அலுவலக நண்பர்களிடம் கூறினால் நம்பமாட்டார்கள்.

கடைசிப் படியில் நின்ற சோதனையாளர்களும் பேசத் தொடங்கினர். 2022 ஏப்ரலில் ஆக்டிவிஷன் நிறுவனம் தற்காலிகச் சோதனையாளர் 1,100 பேரை நிரந்தரமாக்கி, குறைந்த கூலி மணிக்கு 20 டாலர் என்று அறிவித்தது. அடுத்த மாதம் அதன் கிளையான ரேவன் நிறுவனத்துச் சோதனையாளர்கள், 19 பேர் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களித்துச் சங்கம் அமைத்தனர். பெயரும் பங்கும் கேட்டு வெளியேறிய நால்வர் 1979இல் நிறுவிய அதே ஆக்டிவிஷன்தான் இது.

நம் நாட்டில் இத்தொழில் 1997இல் பெங்களூரில் துருவா நிறுவனத்துடன் வேர் பிடித்தது எனலாம். அயல்நாட்டு விளையாட்டுகளுக்கு வேண்டிய ஓவிய வேலையைச் செய்து கொடுப்பதில் அது பெயர் பெற்றது. பின்னர் புனே, ஹைதராபாத், மும்பை நகரங்களிலும் கூடங்கள் எழுந்தன. இந்நகரங்களிலெல்லாம் நம்மவர் பலர் குடியேறியிருப்பதால், இதைப் படிக்கும் வாசகர் வீட்டிலேயே அத்தொழிலர் ஒருவர் இருக்கக்கூடும். இங்குச் செய்யும் வேலையில் பெரும்பகுதி பிறருக்காகச் செய்து கொடுக்கும் வேலை. விளையாட்டின் உரிமை கடல் கடந்த நாட்டில் இருக்கும். தேசிய வடிவமைப்பு நிறுவனம் தன் பெங்களூர் வளாகத்தில் விளையாட்டு வடிவமைப்புக்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கிற்று. 2024இல் மத்திய அமைச்சரவை மும்பையில் இத்துறைகளுக்கென ஒரு தேசிய மையத்துக்கு ஒப்புதல் அளித்தது. பட்டங்கள் பெருகப் போகின்றன என்பதில் ஐயமில்லை.

நம் சொந்தத் தொழிலுக்கும் அங்கு இடம் உண்டு என்பதைப் பிறகே அறிந்தோம். ஒரு மொழியில் பிறந்த விளையாட்டைப் பல மொழிகளில் பெயர்ப்பவர்கள் சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். மொழியிலக்கியப் பட்டம் அவர்களுக்கு வாயிலைத் திறக்கிறது. ஆனால் விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவர்கள் பெயர் பல வேளைகளில் இடம் பெறுவதில்லை. அதைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளில் நாம் மொழிபெயர்த்து அடுக்கிய தாள்களை எண்ணிப் பார்த்தோம். ஒன்றிலாவது நம் பெயர் உண்டா என்று யோசித்தோம். எங்கேனும் ஓர் அடிக்குறிப்பின் மூலையில் ஒரு புள்ளியை ஒளித்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

இவற்றையெல்லாம் நண்பர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தந்தையையும் மகனையும் எதிரில் வைத்துக்கொண்டு சொன்னோம். கார்மாக்கின் பெயர் வந்தபோது பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர் சம்பளக்காரர் அல்லர் என்ற இடத்தில் சற்றுத் தளர்ந்தான். மிகை நேரச் சட்டத்தைக் கேட்டுத் தணிக்கை நண்பர் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். கல்லூரிக் கட்டணம் மறுநாளே கட்டப்பட்டது; கணிப்பொறிப் பிரிவு. சேரச் சம்மதித்த பையன், நாம் விடைபெறும்போது வாயில் வரை வந்தான்.

"மாமா, அந்தப் புள்ளி பின்னணியின் நிறத்திலேயே இருந்தால், அது அங்கே இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரிந்தது?"

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே சென்றோம்.